‘சரி’ என்ற பொத்தான்

மார்ச் 3, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். காகிதமே இல்லாமல் வேலை நடக்க வேண்டும் என்பதற்காக என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி நான் கோடு போட்ட நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுதும் பழக்கம் இல்லை. முதலாளி சொன்னதால் எழுதுகிறேன்.

முதலாளி சென்னியப்பன் ஐயா சொன்னது இதுதான்: “தெனம் என்ன நடக்குதுன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுரு அம்மிணி. நாளைக்கு நீ கல்யாணமாகிப் போயிட்டீன்னா அடுத்து வர்ற புள்ளைக்குத் தெரியோணுமல்ல? மாசக் கடைசில நானும் ஒருக்கா பாக்கறேன்.”

ஆகவே அடுத்து வரும் புள்ளைக்கு வணக்கம். என் பெயர் துளசிமணி. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்கு முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிறது, இரண்டு நகல்களோடு. வேலைக்குச் சேரும்போது கொண்டுவந்தேன். யாரும் கேட்கவில்லை.

நிறுவனத்தின் பெயர் பனிமலர் கூலிங் சர்வீஸ். கோபியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முதல் மாடி. பேக்கரியில் கேக் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, மருந்துக்கடை ஃப்ரிட்ஜ், பால் சொசைட்டியின் குளிரூட்டும் தொட்டி, சாமியானா கடைக்காரர்கள் இறந்தவர்களைக் கிடத்த வாடகைக்கு விடும் ஃப்ரீசர் பாக்ஸ். குளிர வைக்கிற எது நின்றாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். மெக்கானிக்குகள் ஐந்து பேர்.

இதுவரை நடந்த முறை: புகார் வந்தால் முதலாளி கார்டில் எழுதுவார். மெக்கானிக்குகள் காலையில் கார்டுகளை வாங்கிக்கொண்டு போவார்கள். மாலையில் கடைசிக் கட்டத்தை நிரப்பிக்கொண்டு வருவார்கள். நடுவில் யார் எங்கே இருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இனி எல்லாருக்கும் போன், போனில் ஓர் ஆப். அதை நடத்திக் காட்ட முதலாளி மூன்று மாதம் கொடுத்திருக்கிறார். சரிவராவிட்டால் மறுபடியும் கார்டு. கார்டு எழுத அவரே போதும். அதாவது ஆப் நின்றால் நானும் நிற்பேன்.

இன்று செய்த வேலை: தண்ணீர் கேன் மாற்றினேன்.

மார்ச் 5, புதன்

ஐந்து போன்கள் வந்தன. ஆளுக்கு ஒன்று கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். நோட்டில்தான்.

“இதுல நாம எங்க நிக்கறோம்னு தெரியுமாமா? டீக்கடைல நின்னா டீக்கடைன்னே காட்டுமா?” என்று சம்சுதீன் கேட்டார். காட்டும் என்றேன். “அப்ப டீக்கடைக்காரரையும் கஸ்டமரா சேத்துருங்க மேடம்.” இந்த நிறுவனத்தில் என்னை மேடம் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான். என்னைவிட இரண்டு வயது பெரியவர். கேலிக்குத்தான் கூப்பிடுகிறார்.

மாரப்பன் அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. முதலாளி ஒரு ஸ்பேனர் பையோடு தொழில் தொடங்கிய நாளில் அந்தப் பையைத் தூக்கியவர். போனை இரண்டு கையாலும் வாங்கினார். பிளாஸ்டிக் கவரில் போட்டார். ரப்பர் பேண்டு சுற்றினார். கருவிப் பையின் அடியில் வைத்தார்.

“வெளிய வெச்சாத்தானுங்ணா மணியடிச்சாக் கேக்கும்” என்றேன். என் குரல் அவருக்கு எட்டவில்லை. எட்டாதது என் குரலுக்கு வழக்கம். இரண்டாம் தடவை சொன்னேன்.

“செரி அம்மிணி” என்றார். போன் பையின் அடியிலேயே இருந்தது.

மார்ச் 6, வியாழன்

ஆப்பைக் கோவையில் ஒரு கம்பெனி செய்திருக்கிறது. தமிழிலும் வருகிறது. வெளியே போய் வேலை செய்கிற மெக்கானிக்குகளுக்கு, அதாவது ஃபீல்டு ஸ்டாஃபுக்கு, அதில் ‘வயல் பணியாளர்’ என்று பெயர்.

சம்சுதீன் அதைச் சத்தமாகப் படித்தார். “மாரப்பண்ணா, களை வெட்டப் போலாமுங்களா?”

“எனக்கு வயலே இல்லியேப்பா” என்றார் மாரப்பன் அண்ணன். உண்மையிலேயே கவலைப்பட்டார்.

புது வேலை வந்தால் திரையில் இரண்டு பொத்தான்கள் தெரியும். மேலே மஞ்சளில் ‘ஏற்றுக்கொள்’. கீழே பச்சையில் ‘பூர்த்தி செய்’. முதலாவதை வேலை கைக்கு வந்ததும் அமுக்க வேண்டும், இரண்டாவதை முடித்ததும். மஞ்சளைப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்கப் போன ஊட்டுல கேக்கறாப்பல கேக்குது” என்றார்கள். பச்சையைப் பார்த்து, “பூரி செய்யச் சொல்லுது” என்றார் சம்சுதீன். ஒருவரும் எதையும் அமுக்கவில்லை. மாலையில் பத்தொன்பது வேலைகள் முடிந்திருந்தன. ஆப் கணக்கில் பூஜ்யம்.

“நீ படிச்ச புள்ள. நம்மாளுகளுக்குப் புரியறாப்பல வார்த்தைய மாத்தச் சொல்லு” என்றார் முதலாளி.

மார்ச் 10, திங்கள்

பழைய கார்டுகள் மூன்று சாக்கு மூட்டைகளில் இருக்கின்றன. பதினெட்டு வருடக் கார்டுகள். வெள்ளி, சனி இரண்டு நாளும் அவற்றைப் படித்தேன். தும்மல் நிற்கவில்லை.

கடைசிக் கட்டத்தின் மேல் ‘பழுது நீக்கப்பட்ட விவரம்’ என்று அச்சடித்திருக்கிறது. யாரும் விவரம் எழுதியதில்லை. எல்லாரும் ஒரே ஒரு சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள்: சரி. நானூறு கார்டுகளை எண்ணினேன். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றில் சரி. ஒன்பதில் டீக் கறை. மாரப்பன் அண்ணன் எழுதும் ‘ரி’ தூண்டில் மாதிரி வளைந்திருக்கும்.

ஆக, ‘பூர்த்தி செய்’ என்ற இடத்தில் ‘சரி’. ‘ஏற்றுக்கொள்’ என்ற இடத்தில் ‘பார்த்தேன்’. கோவைக்காரரிடம் போனில் சொன்னேன். “சின்ன வேர்டு, பட்டன்ல நல்லா உக்காரும்” என்றார். மாலைக்குள் ஐந்து போன்களிலும் மாறிவிட்டது.

நான் தேர்ந்தெடுத்த சொல் நான்கு பேரின் சட்டைப் பையில் இருக்கிறது. ஒருவருடைய கருவிப் பையிலும் இருக்கிறது. வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “அதுக்கா மூணு வருசம் படிச்சே?” என்றார். ஆனால் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் சாமி படத்துக்குப் பூப் போட்டுச் சூடம் காட்டிய பிறகு பயிற்சி. பேசியது நான்.

“மேடம் பேசறது ஆப்புக்கு மட்டுந்தான் கேக்குது” என்றார் சம்சுதீன், பின்னாலிருந்து.

மாரப்பன் அண்ணன் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் கோயில் மைக்கில் அறிவிப்பதுபோல் திருப்பிச் சொன்னார். புது வேலை வந்தால் மஞ்சள் என்றேன். “வேல வந்துச்சுன்னா மஞ்சக் கலரு!” முடிந்தால் பச்சை என்றேன். “முடிஞ்சுதுன்னா பச்சக் கலரு!”

லிஸ்டில் இருந்த வேலை திடீரென்று காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருக்கும் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டோம் என்று அர்த்தம், கவலைப்பட வேண்டாம் என்றேன்.

“லிஸ்ட்டுல காணோம்னா வேற ஆளுக்குப் போயிருச்சு! அந்தப் பக்கமே போவாதீங்க!”

கடைசி வாக்கியம் நான் சொல்லாதது. தவறாகவும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

இருபத்திரண்டு புகார்கள். மாலையில் இருபத்திரண்டும் பச்சை. முதலாளி மிக்சர் வாங்கிக் கொடுத்தார். மிக்சர் மடித்து வந்த காகிதம் எங்கள் பழைய கார்டு. சாக்குகளைக் கடைக்காரரிடம் போட்டுவிட்டாராம்.

மார்ச் 19, புதன்

கவுந்தப்பாடி பேக்கரியில் இருந்து யாரும் வரவில்லை என்று போன். திரையில் அந்த வேலை பச்சையாக இருந்தது. சம்சுதீனைக் கூப்பிட்டேன்.

“வேல வந்துச்சு, செரின்னு அமுக்குனேன்.”

“முடிச்சாத்தானுங்க அத அமுக்கோணும்.”

“செரி, போறேன்னு அமுக்குனேங்க மேடம்.”

பிறகு போனார். கேக்கின் மேலிருந்த கிரீம் இளகியதைத் தவிர நஷ்டம் இல்லை.

விரல் தவறிவிட்டது என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். முதலாளியிடம் சொல்லவில்லை. பவானியில் இதே தொழில் செய்கிற நண்பரிடம் ஆப்பைப் பற்றி அவர் முக்கால் மணி நேரமாகப் போனில் பெருமை பேசிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் பதினேழு நாள்தான் ஆகியிருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

வெயில் அதிகம். இருபத்தாறு புகார்கள். மாலை ஆறு மணிக்கு எல்லாம் பச்சை.

கள்ளிவலசில் ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் விஷயமாக முதலாளிக்குப் போன் வந்தது. உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர் எழுந்து நின்று பேசினார். நாளை எழுதுகிறேன்.

மார்ச் 25, செவ்வாய்

அடுத்து வரும் புள்ளைக்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கள்ளிவலசில் ஞாயிறு மாலை ஒரு பெரியவர் இறந்துவிட்டார். ஒரே மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். செவ்வாய் காலை ஒன்பது மணிக்குத்தான் வீடு வந்து சேர முடியும். அதுவரை முகம் பார்க்க வைத்திருக்க வேண்டும் என்று சாமியானா கடையில் ஃப்ரீசர் பாக்ஸ் எடுத்திருக்கிறார்கள்.

திங்கள் காலை 10.40க்குப் பெட்டி நின்றுவிட்டது. பெட்டியின் பக்கத்தில் எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதிலிருந்த எண்ணுக்கு இறந்தவரின் மகள் வசந்தாமணி கூப்பிட்டார். நான் பதிவு செய்தேன். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பால் சொசைட்டியில் மாரப்பன் இருந்தார். அவருக்கு அனுப்பினேன். ஆப் போன் பைக்குள் இருக்கும் என்பதால் அவருடைய சொந்தப் போனில் கூப்பிட்டும் சொன்னேன்.

10.46க்கு அவர் பச்சைப் பொத்தானை அமுக்கியிருக்கிறார். பச்சை அமுக்கியதும் வேலை அவருடைய லிஸ்டிலிருந்து போய்விட்டது. காணாமல் போனதால் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். பால் தொட்டியை முடித்துவிட்டு லிஸ்டில் இருந்த அடுத்த வேலைக்குப் போனார். கள்ளிவலசுக்கு யாரும் போகவில்லை.

அவர்கள் ஐஸ் பார் வாங்கி மரத்தூளோடு அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். நேற்று அடித்த வெயிலைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். நான்கு மணிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தரைக்கு எடுத்துவிட்டார்கள். மகன் இன்று காலை ஒன்பது மணிக்கு வந்தார்.

‘10.46க்கு மாரப்பன் தவறுதலாகப் பச்சைப் பொத்தானை அமுக்கியுள்ளார்.’ இது முதலாளி கேட்ட அறிக்கையில் உள்ள வாக்கியம். அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான்.

பதினொரு மணிக்கு முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

“பதினெட்டு வருசமாக் கார்டு எழுதுனயே மாரப்பா, ஒரு தப்பு உண்டா? இப்ப எழவு ஊட்டுக்குப் போகாமயே செரின்னு போட்டு வெச்சிருக்கறே!”

“நாந்தானுங் போட்டேன்.”

“ஏன் போட்டே?”

“போட்டுட்டேனுங்.”

“அம்மிணி போன்ல சொல்லுச்சா இல்லியா?”

மாரப்பன் அண்ணன் காலண்டரைப் பார்த்தார். “சொல்லுச்சுங்.”

“அப்பறம்?”

“செரின்னேனுங்.”

“நல்லா சொன்னே. அந்த மஸ்கட்டுப் பையன் என்ற மூஞ்சில முழிக்காம இருக்கோணும் சாமி. போன வெச்சுட்டு ஊட்ல இரு. நான் கூப்புடற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே.”

அவர் பிளாஸ்டிக் கவரிலிருந்து போனை எடுத்தார். ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டார். போனை இரண்டு கையாலும் என் மேசையில் வைத்தார். “சார்ஜ் எழுவது இருக்குது அம்மிணி” என்றார்.

நான் அப்போது கேனிலிருந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பாட்டில் நிறைந்ததைக் கவனிக்கவில்லை. தரையைத் துடைத்தேன்.

மார்ச் 26, புதன்

மாரப்பன் அண்ணனின் போன் முப்பது சதவீதத்துக்கு வந்துவிட்டது. சார்ஜ் போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

அந்த மகன் வந்தார். மொட்டை அடித்திருந்தார். முதலாளி நாற்காலி போட்டார். அவர் உட்காராமல் என் மேசைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அன்னைக்கு உங்களுக்கு என்ன காட்டுச்சுங்?”

மானிட்டரைத் திருப்பிக் காட்டினேன். கள்ளிவலசு. 10.46. சரி.

“பச்சையா இருக்குதுங்” என்றார். தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அப்பாவைப் பார்க்க வந்து அவர் எடுத்துக்கொண்ட படம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாளி டீ வரவழைத்தார். வந்தவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றார். மேலே ஆடை படிந்தது.

“அக்கா மறுக்கா ரெண்டு தடவ கூப்புட்டுச்சாமா. ஒரு புள்ள எடுத்துதாமா. மெதுவாப் பேசுச்சாமா.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பழையபடி திருப்பி வைத்தேன்.

துக்க விஷயம் என்பதால் அவர் ‘வரேன்’ என்று சொல்லவில்லை. “செரிங்” என்றார். படி இறங்கிப் போய்விட்டார். டம்ளரை நான் கழுவினேன்.

“என்ன அம்மிணி பேசுனே?” என்று முதலாளி கேட்டார்.

“கேட்டாங்க, பாத்துச் சொன்னேனுங்க.”

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

நான் பார்த்துச் சொன்னது இதுதான்.

திங்கள் 12.10க்கு வசந்தாமணி கூப்பிட்டார். யாரும் வரவில்லை என்றார். நான் திரையைப் பார்த்தேன்.

“சிஸ்டத்துல சரி ஆயிடுச்சுன்னு காட்டுதுங்க.”

“கேக்கலீங்.”

இன்னொரு தடவை சொன்னேன்.

“ஆயிருச்சுங்களா? ஓடற மாதிரி தெரியலீங்களே.”

“குளிர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகுமுங்க.”

“செரிங்.”

2.20க்கு மறுபடியும் கூப்பிட்டார். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. திரையைப் பார்த்தேன். பச்சை.

“மெக்கானிக் வந்துட்டுப் போயிட்டாருன்னு இருக்குதுங்க.”

“எழவு ஊடுங். சொந்தம், ஒறம்பரைன்னு சனமா வந்துட்டே இருக்குது. நாந்தான் கவனிச்சிருக்க மாட்டேன். செரிங்.”

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

திரையை நம்பினேன் என்று எழுதலாம். கவுந்தப்பாடி பேக்கரியிலும் திரை பச்சையாகத்தான் இருந்தது. அது கள்ளிவலசுக்கு ஐந்து நாளுக்கு முன்னால் நடந்தது. நான்கு பக்கம் பின்னால் திருப்பினால் என் கையெழுத்தில் இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

டவுன் பஸ்ஸில் மாரப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜைச் சாய்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கை துடைத்தார். நான் வந்த காரணத்தைச் சொல்ல இருபது நிமிடம் ஆனது. அதுவரை அவர் வேலையைப் பார்த்தார். நான் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு நான் போன்ல என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதுங்களாண்ணா?”

“ஏன் இல்ல?” என்றவர், நான் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

“அத ஏனுங்ணா முதலாளிகிட்டச் சொல்லல?”

“சொல்லுச்சான்னு கேட்டாரு. சொல்லுச்சுன்னேன். என்ன சொல்லுச்சுன்னு அவரு கேக்கலியே.”

நான் ஸ்க்ரூவைப் பார்த்தேன்.

“எனக்கென்ன அம்மிணி, நாளைக்கே பவானில கூப்புடுவாங்க. உன்னிய யாரு கூப்புடுவா? நீ பேசறது பக்கத்துல நிக்கற எனக்கே பாதிதான் கேக்குது.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “பவானில கூப்ட்டாங்களாமா? ஆறு நாளாத் தன்ற பழைய போனக் கட்டிட்டு உக்காந்திருக்கறாரு. கேஸ் சிலிண்டர்காரன் ஒருத்தன்தான் கூப்புட்டான்.”

மாரப்பன் அண்ணன் கேஜ் முள்ளைக் கூர்ந்து பார்த்தார். அது அசையவில்லை.

ஃப்ரிட்ஜை நிமிர்த்திச் சுவிட்சைப் போட்டார். அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஓடுது” என்றார்.

“செரின்னு சொல்ல மாட்டீங்களாண்ணா?”

“ஃப்ரிட்ஜுகிட்ட எதுக்குச் செரின்னு சொல்றேன்? நீ ஒண்ணு சொன்னா உன்கிட்டச் செரிம்பேன். மெசினு ஒண்ணு ஓடுது, இல்லீன்னா ஓடல.”

“கார்டுல பூராவும் சரின்னுதானுங்க எழுதியிருக்கறீங்க.”

“கார்டு முதலாளி எழுதிக் குடுக்கறதல்ல? போயிட்டு வான்னு அவரு எழுதறாரு. செரிங்கன்னு நாம எழுதிக் குடுக்கறோம்.”

நானூறு கார்டுகளைப் படித்திருந்தேன். அவை முதலாளிக்குச் சொன்ன பதில்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மோர் கொடுத்தார்கள். பஸ் நிறுத்தம் வரை அவர் வந்தார். ரப்பர் பேண்டு இன்னும் கையில் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று நாள் முழுவதும் போனில் வந்த ‘செரிங்’ எத்தனை என்று கோடு போட்டு எண்ணினேன். நூற்று நாற்பத்து மூன்று. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்பதற்குச் செரிங். போனை வைக்கப் போகிறேன் என்பதற்குச் செரிங். நீ சொல்வதை நான் நம்பவில்லை, ஆனால் சண்டை போட நேரமில்லை என்பதற்கும் செரிங். வேலை முடிந்தது என்ற அர்த்தத்தில் வந்தவை இரண்டு. அந்த இரண்டும் சந்தேகம்.

கோவைக்காரரைக் காலையிலேயே கூப்பிட்டேன். பச்சைப் பொத்தானில் ‘சரி’யை எடுத்துவிட்டு ‘ஓடுது’ என்று போடச் சொன்னேன்.

“ஓடுதா? அது அவ்வளவு நல்லா இல்லீங்களே மேடம். பேச்சு வழக்கால்ல இருக்கு?”

“இருக்கட்டுங்க. மாத்துங்க.”

“கேக்கலீங்க?”

“மாத்துங்கன்னேன்!”

சம்சுதீன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். இறங்கிப் போனார். சாயங்காலத்துக்குள் ஆறு வேலைக்குப் புதுப் பொத்தானை அமுக்கியிருந்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் நின்றுகொண்டுதான் அமுக்கினேன் என்று கேட்காமலே சொன்னார். “பாக்காம ஓடுதுன்னு சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருக்குது” என்றார். மேடம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மதியம் முதலாளி சாப்பிடப் போன பிறகு வசந்தாமணிக்குப் போன் செய்தேன். என் பெயரைச் சொன்னேன்.

“கேக்கலீங்.”

இன்னொரு தடவை சொன்னேன். பிறகு எழுந்து நின்றுகொண்டு சொன்னேன். அன்றைக்கு நீங்கள் கவனிக்காமல் விடவில்லை. மெக்கானிக் வந்துவிட்டுப் போகவில்லை. யாருமே வரவில்லை. போய்ப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ளாமல் நான்தான் அப்படிச் சொன்னேன். ஒரு போன் செய்து கேட்டிருந்தால் இரண்டரை மணிக்குள் ஆள் வந்திருப்பார்.

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

அவர் செரிங் என்று சொல்லவில்லை. “கேட்டுச்சுங்” என்றார். வைத்துவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

ஐயா, மாசக் கடைசியில் பார்ப்பதாகச் சொன்னீர்கள். மூன்று நாள் கூடிவிட்டது. நோட்டை உங்கள் மேசையில் வைக்கிறேன். இந்தப் பக்கம் அடுத்து வரும் புள்ளைக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். மார்ச் 24, காலை 10.44க்கு மாரப்பன் அண்ணனுக்குப் போன் செய்து நான் சொன்னது: “அண்ணா, கள்ளிவலசுல ஐஸ் பொட்டி நின்னுருச்சுங். லிஸ்ட்டுல அனுப்பியிருக்கறேன். பாத்துட்டுச் சரி போட்டுருங்ணா.”

மஞ்சளை அமுக்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்ப் பழக்கத்தில் சரி போட்டுருங்க என்றேன். அவர் “செரி அம்மிணி” என்றார். பையிலிருந்து போனை எடுத்தார், கவரைப் பிரித்தார், லிஸ்டைப் பார்த்தார், சரி போட்டார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கிறது. அறிக்கையில் ‘தவறுதலாக’ என்று இருக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘சொன்னபடி’ என்று திருத்தியிருக்கிறேன். நகல் இணைத்துள்ளேன்.

அந்தப் பொத்தானுக்கு அந்தப் பெயரை வைத்தது நான். பேக்கரி விஷயத்தை மறைத்தது நான். எழவு வீட்டிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டவரிடம் சரி ஆகிவிட்டது என்று சொன்னதும் நான்தான்.

இதுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதைக்கூடச் சொல்லவில்லை. மூன்றாக மடித்த மிக்சர் கார்டை அடியில் வைத்திருக்கிறேன். இப்போது ஒன்று கேட்கிறேன்.

மாரப்பன் அண்ணனை வேலைக்குக் கூப்பிடுங்கள். பவானியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் போன் என் மேசையில் இருக்கிறது. சார்ஜ் நூறு. என்னை என்ன செய்வது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த புள்ளைக்கு இந்த நோட்டு போதும்.

இதைப் படித்து முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் ‘செரி அம்மிணி’ என்பீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். முதலில் அவருக்குப் போன் செய்யுங்கள். அவர் பஸ் ஏறி வரட்டும். படியேறி வந்து, இந்த மேசையிலிருந்து அந்தப் போனைக் கையில் எடுக்கட்டும்.

அதற்குப் பிறகு சொல்லுங்கள், சரி என்று.